படகின் பெட்ரோல் மானி பொய் சொன்னால்

சாலையில் செல்லும் காரில் பெட்ரோல் தீர்ந்தால் இறங்கி நடக்கலாம். கடலில் படகு நின்றுவிட்டால் இறங்குவதற்கு இடம் ஏது? காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே போக வேண்டியதுதான். ஆகவே, மும்பைத் துறைமுகத்திலோ, கொச்சிக் காயலிலோ, அந்தமான் தீவுகளிலோ சிறு மோட்டார் படகு ஓட்டும் நம்மவர்கள், பெட்ரோல் அளவு காட்டும் மானியின் இயல்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

டாங்கியினுள் ஒரு மிதவை. அதனோடு இணைந்து ஏறி இறங்கும் ஒரு கை. கை அசையும்போது மின்தடை மாறுகிறது. அம்மாற்றம் ஒரு கம்பியின் வழியே சென்று முகப்பிலுள்ள முள்ளை நகர்த்துகிறது. அமெரிக்க முறைக் கருவிகளில் டாங்கி காலியானால் தடை சுமார் 240 ஓம். நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறையிலோ காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஒன்று மற்றொன்றுக்குத் தலைகீழ் என்பதைக் காண்கிறோம்.

'காலி' என்று பொய் சொல்லும் முள் நம்மைக் கரையில் நிறுத்தும். 'நிறைவு' என்று பொய் சொல்லும் முள்ளோ நடுக்கடலில் நிறுத்தும். அமெரிக்க முறையில் டாங்கிக் கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தில் பட்டாலும், ஐரோப்பிய முறையில் அக்கம்பி அறுந்தாலும், முள் நிறைவையே காட்டும். நெடுநேரம் ஓடியும் முள் இறங்கவில்லையெனில் மகிழ வேண்டாம், ஐயுற வேண்டும்.

பழுது பார்க்குமுன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். ஒரு சிறு பொறி போதும். ஆகவே மூடிகளைத் திறந்து நன்கு காற்றோட்டம் விடுங்கள். பீடியும் விளக்கும் அருகே வேண்டாம். ஆவியின் வாடை இருக்கும்வரை எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். கம்பியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் பாட்டரி இணைப்பைத் துண்டியுங்கள்.

மற்ற மானிகளும் அசையவில்லையானால் குற்றம் பியூசிலோ மின்வரவிலோ இருக்கலாம். அவை சரியாயின், பெட்ரோல் மானியின் பின்புறம் 'எஸ்' எனக் குறித்த முனையில் உள்ள கம்பியைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். அமெரிக்க முறையாயின் முள் காலியைக் காட்ட வேண்டும். மீண்டும் மின்சாரத்தை நிறுத்தி, அந்த முனையைத் தரைக்கம்பி முனையுடன் இணைத்துப் பாருங்கள். முள் நிறைவுக்கு ஏற வேண்டும். அவ்வாறு நடந்தால் மானி நல்லது. ஐரோப்பிய முறையில் இவ்விரண்டும் மாறி வரும்.

பின்னர் கம்பியைப் பழையபடி பூட்டி, அதன் டாங்கி முனையில் இதே சோதனையைச் செய்யுங்கள். விடை மாறினால் பழுது கம்பியில். மாறாவிடில் மிதவைக் கருவியிலோ, உப்புக் காற்றில் பாசிபிடித்த அதன் தரை இணைப்பிலோ. இணைப்பைச் சுரண்டித் துடைத்தும் பயனில்லையெனில் கருவியை வெளியே எடுத்து, அதன் கையை மெல்ல அசைத்து ஓம்மானியால் அளந்து பாருங்கள். தடை இடையறாது மாற வேண்டும். துள்ளினால் கருவி தேய்ந்தது. மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தால் அது மூழ்கிவிடும். புதிய கருவி வாங்கும்போது மானியின் முறைக்கு ஒத்ததையே வாங்குங்கள். மூடியின் அடியிலுள்ள அடைப்பு வளையத்தையும் புதிதாகவே இடுங்கள்.

மானி சரியாகிவிட்டாலும் அதையே முழுதும் நம்பலாகாது. பல டாங்கிகள் அடியில் குறுகி மேலே அகன்றிருப்பதால், முள் பாதியைக் காட்டும்போது பாதிக்கும் குறைவான பெட்ரோலே எஞ்சியிருக்கும். டாங்கியின் வாய் நேராக இருந்தால், அளவு குறித்த உலர்ந்த மரக்குச்சியை விட்டுப் பார்ப்பதே உறுதியான வழி. இயலாவிடில், ஊற்றிய லிட்டரையும் ஓடிய மணியையும் ஏட்டில் குறித்து வருக.

போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராததற்கு ஒரு பங்கு எனக் கணக்கிட்டுப் புறப்படுங்கள். அதையும் மீறிக் கடலில் நின்றுவிட நேர்ந்தால், கடலோரக் காவல் படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்த அழைப்பு வேண்டாதபடி, புறப்படுமுன் கரையிலேயே ஒரு குச்சியை நனைத்துப் பார்த்துவிடுவது எளிதல்லவா?