இடுக்கின் கணக்கு

உரத் தொழிற்சாலையில் ஷட்டவுன் என்றால் எனக்கு முதலில் ரிஃபார்மர் உலையின் மேல்தளம்தான். காலடியில் நூற்றுக்கணக்கான உலோகக் குழாய்கள் செங்குத்தாக இறங்கும். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம், அரைச் சாண் அகலம். அதற்குள் நிக்கல் ஏற்றிய பீங்கான் வளையங்கள். இயற்கை எரிவாயுவும் நீராவியும் அவற்றின் இடுக்குகளில் புகுந்து இறங்கும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அதுதான் பிறகு அம்மோனியாவாகி, யூரியாவாகி, வயலுக்குப் போகிறது.

வினையூக்கி என்றதும் பலரும் நிக்கல் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஆலையை ஓட்டுபவனுக்கு அதே அளவு கவலை, வளையங்களுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தைப் பற்றி. இடுக்கு குறையக் குறைய வாயு முட்டி மோதித்தான் போக வேண்டும். உள்ளே போன அழுத்தம் வெளியே வரும்போது இருக்காது. அந்த இழப்புதான் பிரஷர் டிராப். அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் இரவும் பகலும் கூடுதலாக உழைக்கும்.

துருக்கியில் பிறந்த சப்ரி எர்குன் 1952-இல் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார். இன்றும் எங்களுக்கு அதுதான் கைக்கணக்கு. வளையங்கள் நிரம்பிய படுகையில் 40 சதவீதமாக இருந்த இடுக்கு 35 ஆகிவிட்டால், அதே வாயுவுக்கு அழுத்த இழப்பு 60 சதவீதத்துக்கும் மேல் ஏறும்! வளையங்களைச் சலித்துத் தூசி நீக்காமல் யாரும் குழாயில் போட மாட்டார்கள் என்பதற்குக் காரணம் இதுவே.

சின்னத் துணுக்காகப் போட்டால் மேற்பரப்பு கூடும், வினை நன்றாக நடக்கும். ஆனால் வாயு திணறும். ரிஃபார்மரில் துணுக்கின் மேல்தோல் மட்டுமே வேலை செய்கிறது என்பதால், நடுவில் ஓட்டைகள் விட்டுப் பெரிய வளையமாகச் செய்கிறார்கள். அம்மோனியா கன்வெர்ட்டரில் வேறு வழி. டென்மார்க்கின் டாப்ஸோ நிறுவனம் வாயுவைப் பக்கவாட்டில் ஓட விட்டது. பாதை குறுகி, பரப்பு விரிந்தது, 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையுள்ள இரும்புத் துணுக்குகளையே தாராளமாக நிரப்ப முடிந்தது. அழகான யோசனை.

ஆனாலும் எல்லாம் நிரப்பும் கையில்தான் இருக்கிறது. ரிஃபார்மர் வளையங்களைத் துணிப்பையில் கட்டி அடிவரை இறக்கி அவிழ்ப்பார்கள். மேலிருந்து கொட்டினால் உடைந்துவிடும். நிரம்பியதும் குழாய் குழாயாகக் காற்றைச் செலுத்தி மானியைப் பார்ப்போம். ஒவ்வொரு குழாயின் அழுத்த இழப்பும் சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இறுகிய குழாயில் வாயு குறைவாகப் போகும். உலைச் சூட்டை இழுத்துக்கொள்ள அங்கே போதிய வினை நடக்காது. குழாய் தகதகவெனச் சிவக்கும். ஒரு லட்சம் மணி நேரத்துக்கென்று வடிவமைத்த குழாய், 20 டிகிரி கூடினாலே பாதி ஆயுளில் போய்விடும்.

எங்களோடு இருந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் முள்ளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: "இது மூச்சு விட மாட்டேங்கு சார், எடுத்துருவோம்." அளவு குறைவாகக் காட்டினால் வளையங்கள் குறுக்கே சிக்கி வெற்றிடம் விட்டிருக்கின்றன என்று பொருள், ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கலாம். அதிகமாகக் காட்டினால் தட்டிப் பயனில்லை. முழுவதையும் உறிஞ்சி வெளியே எடுத்து, உடைசலைச் சலித்து நீக்கிவிட்டு, அந்தக் குழாயை அடியிலிருந்து மறுபடி நிரப்புவோம்.