பிளேஃபோர்டு சொல்லாமல் விட்ட எட்டு அடிகள்

லண்டனில் டெம்பிள் தேவாலய வாசலருகே கடை வைத்திருந்த ஜான் பிளேஃபோர்டு, 1651இல் 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' என்றொரு சின்னப் புத்தகம் போட்டார். மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கேளிக்கை என்றாலே முகம் சுளிக்கும் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் கையில் ஆட்சி. காலம் இதற்குத் தோதாக இல்லை என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். புத்தகமோ அமோகமாக ஓடியது. 1728 வாக்கில் பதினெட்டாம் பதிப்பு வந்திருந்தது.

முதல் பதிப்பிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கன்ட்ரி டான்ஸ்கள் இருந்தன. ஜோடிகள் வரிசையாகவோ வட்டமாகவோ நின்று, இடம் மாறி, கைகோத்து, மொத்தக் கூட்டமாகக் கோலம் போடுவதுபோல் ஆடுவது இது. பக்கத்தின் மேலே மெட்டு. கீழே நாலைந்து வரிக் குறிப்பு. பிறையும் வட்டமுமாக யார் எங்கே நிற்பது என்பதற்கு ஒரு படம். அவ்வளவுதான். ஆடத் தெரிந்தவர்களுக்கு ஞாபகப்படுத்த எழுதியது, தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அல்ல. ஆடத் தெரிந்தவர்கள் போன பிறகு இந்தக் குறிப்புகளிலிருந்து நடனத்தை மீட்டெடுப்பது எப்படி?

கை கொடுப்பது கணக்குதான். பிளேஃபோர்டு சில சொற்களுக்கு விளக்கம் தருகிறார். 'டபுள்' என்றால் நான்கு அடி. 'சிங்கிள்' என்றால் இரண்டு. 'செட்' என்றால் ஒரு பக்கம் ஒரு சிங்கிள், மறுபக்கம் ஒரு சிங்கிள். 'டர்ன் சிங்கிள்' என்பது நின்ற இடத்திலேயே தனியாக ஒரு சுற்று. அதற்கும் நான்கு அடி பிடிக்கும். பல நடனங்கள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: ஒரு டபுள் முன்னே, ஒரு டபுள் பின்னே, செட், டர்ன் சிங்கிள். கூட்டினால் பதினாறு. மெட்டின் முதல் பகுதியை எண்ணிப் பார்த்தால், அங்கேயும் பெரும்பாலும் பதினாறு அடிக்குத்தான் இடம். மெட்டும் குறிப்பும் இப்படி ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தினால், படித்தது சரி என்று நம்பலாம்.

இரண்டாம் சுற்றில்தான் சிக்கல். 'எல்லோரும் சைட்ஸ்' என்கிறது குறிப்பு. பிறகு பழையபடி செட், டர்ன் சிங்கிள். பின்பாதி எட்டு அடி என்பது தெரியும். ஆக, பதினாறில் சைட்ஸுக்கு மிஞ்சுவதும் எட்டு. அந்த எட்டு அடியில் என்ன செய்ய வேண்டும்? பிளேஃபோர்டு மூச்சுவிடவில்லை. சமையல் குறிப்பில் 'தாளித்துக் கொட்டவும்' என்று எழுதுகிறவர், எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்க வேண்டும் என்றா எழுதுவார்?

இருநூற்று அறுபது ஆண்டுகள் கழித்து இதில் இறங்கியவர் செசில் ஷார்ப். கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டும் ஆட்டமும் திரட்டிய இசை ஆசிரியர். 1911இல் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தைத் தொடங்கிய அதே ஆண்டில், பிளேஃபோர்டின் நடனங்களுக்குத் தாம் கண்ட பொருளைப் புத்தகமாகவும் வெளியிட்டார். சைட்ஸுக்கு அவர் சொன்னது: ஜோடிகள் வளைந்து ஒருவரையொருவர் கடந்து நான்கு அடியில் இடம் மாறுவது, நான்கு அடியில் திரும்பி வருவது. எட்டு அடி சரியாகப் போயிற்று. ஆடவும் அழகு. ஆனால் அது ஊகம்.

1960களில் பேட் ஷா என்ற நடன ஆசிரியர் வேறொன்றைச் சொன்னார். இடமே மாற வேண்டாம், வலத்தோளும் வலத்தோளும் பக்கத்தில் வரும்வரை நான்கு அடி முன்னே போய், நான்கு அடி பின்னே வந்தால் போதும், மறுமுறை இடத்தோள். முதல் சுற்றின் 'முன்னே, பின்னே' அமைப்போடு இது இன்னும் இயல்பாக ஒட்டுகிறது என்பது என் எண்ணம். ஆனால் இதற்கும் எட்டே அடிதான். எது சரி என்று மெட்டால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதனால் வேறு சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கிறது. பாரிஸில் ரவுல்-ஓஜே ஃபோயே 1706இல் வெளியிட்ட தொகுப்பு அப்படியொன்று. ஆடுபவர் தரையில் போகும் பாதையையே அதில் கோடாக வரைந்திருக்கிறார். பார்க்கப் பூவேலைபோல் இருக்கும். பின்தொடர்ந்தால் கால் தானாகப் போகும். ஆனால் அது பிளேஃபோர்டுக்கு அரை நூற்றாண்டு பிந்தியது, பிரெஞ்சு ரசனை கலந்தது. ஷார்ப் உயிருள்ள சாட்சியையும் தேடினார். 1917இல் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இது பிளேஃபோர்டுக்கும் முந்தியது என்றே முடிவுகட்டினார். பல நாட்டு ஆட்டங்கள் கலந்து அமெரிக்காவிலேயே உருவானது அது என்பது இன்றைய ஆய்வாளர்கள் கருத்து.

வேகமும் இன்னொரு புதிர். மெட்டு இருக்கிறது, எவ்வளவு விரைவு என்பது இல்லை. வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியே 1815 வாக்கில்தான் வந்தது. பாதம் எப்படி விழுந்தது, குதித்தார்களா, நடந்தார்களா என்பதற்கும் பிளேஃபோர்டிடம் பதில் இல்லை.

இந்த இடைவெளிகளைத் திரைக்குப் படமெடுப்பவர்கள் தாராளமாக நிரப்பிக்கொள்கிறார்கள். 1995இல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் ஆடுவது 'மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட்'. அது 1695ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த நடனம். தொடருக்கு மூலமான ஜேன் ஆஸ்டினின் நாவல் வெளிவந்தது 1813இல். அந்தக் காலத்து இளசுகள், பாட்டிக்குப் பாட்டி ஆடியதை விருந்தில் ஆடியிருப்பார்களா என்ன?

ஊகம்தான் என்றாலும் ஷார்ப்பின் சைட்ஸ் ஒழிந்துபோகவில்லை. நூறாண்டுக்கும் மேலாக ஆடி ஆடிக் கால்களுக்குப் பழகிவிட்டது. அதையே சேர்த்துப் புது நடனங்களும் கட்டிவிட்டார்கள். அதனால் இன்றைய நடன மன்றங்களில், மெட்டு தொடங்கும் முன் ஆட்டத்தை நடத்துபவர் இது ஷார்ப் முறையா, ஷா முறையா என்று சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், மீதிப் பேர் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.