ஃபுட்சாலும் டர்ஃப் கால்பந்தும்

ஃபுட்சால் என்பது அணிக்கு ஐந்து பேர் வீதம், கடினமான சமதளத்தில், பெரும்பாலும் கூரைக்குக் கீழே ஆடப்படும் கால்பந்து வகையாகும். திண்டுக்கல் போன்ற நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் 'டர்ஃப்' எனப்படும் செயற்கைப்புல் திடல்களில், மணிக்கணக்கு வாடகைக்கு ஆடப்படும் ஐவர் கால்பந்தும் இதுவே எனப் பலர் எண்ணுகின்றனர். இரண்டும் உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. ஃபுட்சால் அணித் தேர்வுக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்திருப்பது நல்லது.

தோற்றம்

1930-ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் தலைநகரான மான்டிவிடியோவில், ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இவ்விளையாட்டை வகுத்தார். முதல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அதே ஆண்டில் அதே நகரில் நடந்தது. கூடைப்பந்துத் தளத்திலேயே ஆடத்தக்க ஒரு கால்பந்தை அவர் உருவாக்க முயன்றார். அணிக்கு ஐவர், 40 நிமிட ஆட்டம் என்பவற்றைக் கூடைப்பந்திலிருந்தும், தளத்தின் அளவையும் கோல்கம்பத்தின் அளவையும் ஹேண்ட்பாலிலிருந்தும், கோல்காப்பாளருக்கான விதிகளை நீர்ப்பந்தாட்டத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். (தமிழில் 'கைப்பந்து' என்றால் பலரும் வாலிபாலை நினைப்பதால், இக்கட்டுரையில் ஹேண்ட்பால் என்றே குறிக்கப்படுகிறது.)

'கூடத்தில் ஆடும் கால்பந்து' எனப் பொருள்படும் ஸ்பானிய, போர்த்துக்கீசியச் சொற்றொடர்களின் சுருக்கமே ஃபுட்சால். ஸ்பானிய மொழியில் 'சாலா' என்றால் கூடம். நம் பாடசாலையில் உள்ள 'சாலை'யோடு இதற்கு இருப்பது ஒலி ஒற்றுமை மட்டுமே.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 1989-இல் நெதர்லாந்தில் முதல் ஃபுட்சால் உலகக் கோப்பையை நடத்தியது. அதில் பிரேசில் வென்றது. 2024-இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த போட்டியிலும் அர்ஜென்டினாவைத் தோற்கடித்துப் பிரேசிலே கோப்பையைப் பெற்றது. ரொனால்டினோ, நெய்மார் போன்றோர் சிறுவயதில் ஃபுட்சால் ஆடி வளர்ந்தவர்கள்.

டர்ஃப் எங்கே வேறுபடுகிறது

முதல் வேறுபாடு பந்து. ஃபுட்சாலில் 4-ஆம் அளவுப் பந்து பயன்படுகிறது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அது 50 முதல் 65 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும் என்பது விதி. துள்ளாத பந்து தரையோடு ஓடும். ஆடுபவர் அதை உள்ளங்காலால் நிறுத்தி, இழுத்து, திருப்பப் பழகுகிறார். டர்ஃப்பில் பெரும்பாலும் வழக்கமான 5-ஆம் அளவுப் பந்துதான் உருள்கிறது. செயற்கைப்புல்லும், அதில் நிரப்பிய மணலும் ரப்பர்த் துகளும் பந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். டர்ஃப்பில் நன்றாக ஆடும் ஒருவர் சிமென்ட் அல்லது மரத்தளத்தில் முதன்முதலாக நிற்கும்போது, பந்து காலை விட்டு நழுவிக்கொண்டே போவதைக் காண்பார்.

இரண்டாவது, சுற்றுவலை. பல டர்ஃப்களில் பந்து வலையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை வைத்து ஆடும் வழக்கம் அமெரிக்க உள்ளரங்கக் கால்பந்தில் உண்டு. அங்கு 1978-இல் அதற்கென்றே ஒரு லீக் தொடங்கப்பட்டது. ஃபுட்சாலிலோ கோடுதான் எல்லை. பந்து பக்கக்கோட்டைத் தாண்டினால் காலால் உள்ளே உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு 4 விநாடிகளே அனுமதி. கோல்காப்பாளரும் தம் பாதியில் 4 விநாடிகளுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, தவறுகளைக் கூட்டி எண்ணும் முறை. ஒரு பாதியில் ஓர் அணி நேரடித் தனியுதைக்குரிய தவறுகளை ஐந்து முறை வரை செய்யலாம். ஆறாவது தவறிலிருந்து, தடுப்புச் சுவர் நிற்காமல் 10 மீட்டர் தொலைவிலிருந்து கோலை நோக்கி உதைக்கும் வாய்ப்பு எதிரணிக்குக் கிடைக்கும். நண்பர்கள் கூடி ஆடும் டர்ஃப் ஆட்டத்தில் இதை எண்ணுவார் யாருமில்லை. முரட்டுத்தனமாகத் தடுத்துப் பழகிய அணி, முறையான போட்டியில் பெரும்பாலும் இந்த விதியால்தான் தோற்கிறது.

இவற்றால் டர்ஃப் பயனற்றது என்று பொருளல்ல. வேலை முடித்து இரவில் வருவோருக்கு மின்விளக்குள்ள திடல் பெரிய வசதி. ஆனால் கூரையில்லாத செயற்கைப்புல் வெயிலில் வெறுங்கால் தாங்காத அளவுக்குச் சூடேறும். திண்டுக்கல் சமவெளியின் கோடையில் அதிகாலையும் இரவுமே அதற்கு ஏற்ற பொழுதுகள். வாடகையைப் பங்கிட்டுக் கொடுக்க இயலாத சிறுவர்களுக்கு அந்தப் பொழுதுகளும் எட்டுவதில்லை.

லீக் போட்டிகள்

இந்தியாவில் ஃபுட்சால் என்ற பெயரைப் பரவலாக்கியது, 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய பிரீமியர் ஃபுட்சால் லீக் ஆகும். சென்னை, மும்பை, கொச்சி, கோவா, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய பெயர்களில் ஆறு அணிகள் ஆடின. ஆட்டங்கள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கிலும் கோவாவிலும் நடந்தன. ரொனால்டினோ, ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் ஆகியோர் வந்தனர். சென்னை அணியின் நட்சத்திரமாகப் பிரேசிலின் ஃபுட்சால் வீரர் ஃபல்காவ் ஆடினார். கோப்பையை மும்பை வென்றது.

இந்த லீக்கிற்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லை. 2017-இல் இரண்டாவது பருவம் நடந்தது. அதன் பிறகு லீக் தொடரவில்லை. பெரிய பெயர்களைப் பார்க்கக் கூட்டம் வந்தது உண்மைதான். ஆயினும் மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து தேசம் என ஏறிச்செல்லும் படிக்கட்டு எதையும் அது விட்டுச் செல்லவில்லை.

அத்தகைய படிக்கட்டின் தொடக்கம் 2021-இல்தான் அமைந்தது. அகில இந்தியக் கூட்டமைப்பே அவ்வாண்டு டெல்லியில் ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப்பை நடத்தியது, டெல்லி எஃப்.சி. முதல் சாம்பியன் ஆனது. 2023 அக்டோபரில், தஜிகிஸ்தானில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்திய ஆண்கள் அணி களமிறங்கியது. 1989-இலேயே உலகக் கோப்பை கண்ட ஒரு விளையாட்டில் இது மிகத் தாமதமான வருகை. எனினும், இப்போது பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு முந்தைய தலைமுறைக்கு இல்லாத ஒரு வழி திறந்திருக்கிறது.

பள்ளித் தளம்

ஃபுட்சாலுக்குப் புதிதாக அரங்கம் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஹேண்ட்பால் தளத்தின் அளவு 40 × 20 மீட்டர்; சர்வதேச ஃபுட்சாலுக்கும் இந்த அளவு பொருந்தும். இரண்டிலும் கோல்கம்பம் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. ஹேண்ட்பாலின் 6 மீட்டர் வளைகோடு ஏறத்தாழ அப்படியே ஃபுட்சாலின் தண்டப்பகுதிக் கோடாகும். கூடுதலாக 6 மீட்டரிலும் 10 மீட்டரிலும் இரண்டு புள்ளிகள் வைத்தால் போதும்.

ஹேண்ட்பால் தளம் இல்லாத பள்ளிகளில் கூடைப்பந்துத் தளம் இருக்கலாம். அதன் அளவு 28 × 15 மீட்டர். சர்வதேசம் அல்லாத ஃபுட்சால் ஆட்டங்களுக்குக் குறைந்த அளவு 25 × 16 மீட்டர். எனவே அகலத்தில் ஒரு மீட்டர்தான் குறைகிறது. கோட்டுக்கு வெளியே சிமென்ட் தளம் சற்று நீண்டிருந்தால் அதுவும் சரியாகிவிடும். கூடைக்கம்பங்கள் தளத்தை ஒட்டி நின்றால் அவற்றுக்குப் பஞ்சுறை சுற்ற வேண்டும். மாணவியர் பள்ளி வளாகத்துக்குள்ளேயே, பள்ளி நேரத்தை ஒட்டி ஆட முடிவது இத்தளங்களின் தனி நன்மை. இரவு டர்ஃப்புக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் பல.

செலவு பெரும்பாலும் இரண்டு கோல்கம்பங்களுக்கும் சில பந்துகளுக்கும்தான். தூக்கி வைக்கும் வகைக் கம்பங்களை வாங்கினால், பின்சட்டத்தில் எடை வைத்தோ தரையில் கொக்கியிட்டோ கவிழாதபடி பிணைப்பது கட்டாயம். பிணைக்காத கம்பத்தில் குழந்தைகள் தொங்கும்போது அது முன்புறமாகச் சாய்ந்து உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வுகள் பல நாடுகளில் உண்டு. ஆட்டம் முடிந்ததும் கம்பங்களைச் சுவரோரமாகத் திருப்பிவைத்துச் சங்கிலியிட்டுப் பூட்டுவது வழக்கம்.