குட்டி நாய் ஓயாம குரைக்குதா? அடிக்காமலே அடக்கலாம்!

சென்னை:

உருவம் முழங்கை அளவுதான் இருக்கும். ஆனா சத்தம் மட்டும் நாலு வீடு தள்ளி கேட்கும். பாமரேனியன், டேஷண்ட் மாதிரி குட்டி நாய் வளர்க்கிற வீடுகள்ல தினமும் நடக்கிற கூத்து இது.

காலிங் பெல் அடிச்சா குரைப்பு. சிலிண்டர் போடுறவர் வந்தா குரைப்பு. பூனை ஒண்ணு மதில் மேல நடந்துட்டா அரை மணி நேரம் கச்சேரி!

தனி வீடா இருந்தா சமாளிச்சிடலாம். ஒரே காம்பவுண்டுல ஆறு குடித்தனம் இருக்கிற இடத்திலயும், சுவரோட சுவர் ஒட்டின ஹவுசிங் போர்டு வீடுகள்லயும் கதையே வேற. பக்கத்து வீட்டுல நைட் டியூட்டி முடிச்சுட்டு காலையில படுக்கிறவர் இருப்பார். பத்தாவது பரீட்சைக்கு படிக்கிற பிள்ளை இருக்கும். கைக்குழந்தை இருக்கும்.

முதல்ல முணுமுணுப்பு. அப்புறம் வாய்ச்சண்டை. கடைசியில ஹவுஸ் ஓனர் வந்து, ‘நாயை அனுப்புங்க, இல்லைன்னா வீட்டை காலி பண்ணுங்க’ன்னு சொல்ற நிலைமை.

அந்த நேரத்துல சில பேர் நாயை தூக்கிட்டுப் போய் தூரத்து தெருவுல விட்டுட்டு வந்துடறாங்க. சோபாவுல படுத்து வளர்ந்த நாய், தெரு நாய்க் கூட்டத்துக்கு நடுவுல பிழைக்கிறது ரொம்ப கஷ்டம். பட்டினி கிடக்கட்டும்னு கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட.

அந்த அளவுக்கு போகவே வேண்டாம். கொஞ்சம் பொறுமை, கையில நாலு துண்டு வேகவச்ச சிக்கன்... இது போதும், குரைப்பை பெருமளவு குறைச்சுடலாம்.

குட்டி நாய்க்கு ஏன் இவ்வளவு வாய்?

பாமரேனியனோட பூர்வீகம் இப்போதைய ஜெர்மனி - போலந்து எல்லையில இருக்கிற பாமரேனியா பகுதி. அதோட முன்னோர்கள் பெரிய சைஸ் நாய்கள். இங்கிலாந்து ராணி விக்டோரியா 1888-ல் இத்தாலிக்குப் போனப்போ சின்ன சைஸ் பாமரேனியனை வாங்கி வந்தார். அதுக்கப்புறம்தான் குட்டி ரகத்துக்கு மவுசு கூடுச்சு.

நம்ம ஊர்ல ‘பாமரேனியன்’னு சொல்லி வளர்க்கிற வெள்ளை நாய்கள்ல பெரும்பாலானது இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற ரகம். இரண்டுமே ஸ்பிட்ஸ் குடும்பம்தான். ஆள் வந்தா சத்தம் போட்டு சொல்றது இதுங்க ரத்தத்துல ஊறின குணம். அதனால குரைப்பை சுத்தமா நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ‘நாலு தடவை குரைச்சுட்டு, சொன்னா நிறுத்தணும்’ - இதுதான் நம்ம இலக்கு.

முதல்ல காரணத்தை கண்டுபிடிங்க

மூணு நாளைக்கு ஒரு பேப்பர்ல குறிச்சு வையுங்க. எத்தனை மணிக்கு குரைச்சுது, எதைப் பார்த்து குரைச்சுது, அதுக்கு வீட்டுல இருக்கிறவங்க என்ன செஞ்சாங்க... இவ்வளவுதான்.

ஜன்னல், வாசலைப் பார்த்து குரைச்சா அது காவல் குரைப்பு. கூரியர்காரர் வருவார், நாய் குரைக்கும், அவர் வேலை முடிஞ்சு போயிடுவார். நாயோ ‘நான் குரைச்சுத்தான் ஆளை விரட்டினேன்’னு நினைச்சுக்கும். அடுத்த தடவை இன்னும் ஜாஸ்தியா குரைக்கும்.

உங்க முகத்தைப் பார்த்து குரைச்சா ஏதோ கேட்குதுன்னு அர்த்தம். சத்தம் தாங்காம ஒரு பிஸ்கெட் போட்டீங்கன்னா, ‘குரைச்சா பிஸ்கெட் வரும்’னு நீங்களே பாடம் எடுத்த மாதிரி ஆயிடும்.

வீட்டைப் பூட்டிட்டு போனதும் குரைச்சா தனிமை பயம், இல்லைன்னா பொழுது போகாத சலிப்பு.

‘ஏய், சும்மா இரு’ன்னு நீங்க கத்துறது நாய்க்குப் புரியாது. நீங்களும் சேர்ந்து குரைக்கிறதா நினைச்சு அது இன்னும் உற்சாகமாயிடும்!

‘போதும்’ பயிற்சி

ஒரே ஒரு வார்த்தையை முடிவு பண்ணுங்க. ‘போதும்’னு வச்சுக்குவோம். வீட்டுல எல்லாரும் அதே வார்த்தையைத்தான் சொல்லணும். அப்பா ‘போதும்’, அம்மா ‘உஷ்’, பையன் ‘ஷட்டப்’னு ஆளுக்கு ஒண்ணு சொன்னா நாய் குழம்பிடும்.

நாய் குரைக்கும்போது கத்தாம பக்கத்துல போங்க. உப்பு, மசாலா இல்லாம வேகவச்ச சிக்கன் துண்டை மூக்குகிட்ட காட்டுங்க. மோப்பம் பிடிக்கிற நேரத்துல நாயால குரைக்க முடியாது. வாய் மூடின அந்த நொடியில சாதாரண குரல்ல ‘போதும்’னு சொல்லி துண்டை கொடுங்க.

நேரம்தான் இதுல முக்கியம். அமைதியான ஒண்ணு, ரெண்டு செகண்டுக்குள்ள கொடுக்கணும். லேட்டா கொடுத்தா எதுக்கு கிடைச்சுதுன்னு அதுக்குப் புரியாது.

அடுத்தடுத்த நாள்ல 3 செகண்ட், 5 செகண்ட், 10 செகண்டுன்னு அமைதியா இருக்கிற நேரத்தை கூட்டிக்கிட்டே போங்க. அதுக்கப்புறம் துண்டை காட்டாம வார்த்தையை மட்டும் சொல்லிப் பாருங்க. நிறுத்தினதும் கொடுங்க. ஒரு தடவைக்கு 5 நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தடவை போதும்.

துண்டு விரல் நகம் அளவுக்கு மேல வேண்டாம். அந்த அளவை அன்னைக்கு சாப்பாட்டுல குறைச்சுடுங்க. இல்லைன்னா நாய் குண்டாயிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதையும் கொடுத்துடாதீங்க. நாய்க்கு அது விஷம்.

காலிங் பெல் பிரச்சினை

வீட்டு ஆள் ஒருத்தரையே வெளியே நிறுத்தி மெதுவா கதவை தட்டச் சொல்லுங்க. தட்டின உடனே நாயை அதோட பாய்க்கு கூட்டிட்டுப் போய் துண்டு கொடுங்க. திரும்பத் திரும்ப செஞ்சா, ‘பெல் அடிச்சா பாய்க்கு ஓடணும்’னு பழகிடும். அதுக்கப்புறம் சத்தத்தை கூட்டுங்க.

தெருவைப் பார்த்து குரைக்கிற நாயா? ஜன்னலோட கீழ்ப்பாதியில பழைய காலண்டர் அட்டையோ, துணியோ மறைச்சுடுங்க. செலவே இல்லாத வைத்தியம் இது.

பூட்டிட்டு போறீங்களா?

வேலைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி 20 நிமிஷமாவது நடக்க கூட்டிட்டுப் போங்க. கோடையில வெயில் ஏர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. களைச்ச நாய் படுத்து தூங்கும்.

சாப்பாட்டுல கொஞ்சத்தை பழைய துணியில சுருட்டியோ, அட்டைப்பெட்டிக்குள்ள போட்டோ வையுங்க. தேடித் தின்னவே நேரம் போயிடும். கிளம்பும்போது கொஞ்சி விடைபெறாதீங்க. முதல்ல 1 நிமிஷம், அப்புறம் 5, 10 நிமிஷம்னு தனியா இருக்கப் பழக்குங்க.

நடுவுல விட்டா போச்சு!

கேட்டு குரைக்கிற நாயை கண்டுக்காம விட்டா, முதல் சில நாள் முன்னைவிட ஜாஸ்தியா குரைக்கும். ‘எப்பவும் கிடைக்குமே, இப்ப ஏன் வரலை’ன்னு அது பிடிக்கிற அடம்தான் அது. அந்த நேரத்துல மனசு இளகி பிஸ்கெட் போட்டீங்கன்னா, இன்னும் பலமா குரைச்சா கிடைக்கும்னு கத்துக்கும். பக்கத்து வீட்டுல முன்கூட்டியே, ‘நாயைப் பழக்கிட்டு இருக்கோம், கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க’ன்னு சொல்லி வச்சிடுங்க. பாதி சண்டை அதுலயே அடங்கிடும்.

இதெல்லாம் வேண்டாம்

அடிக்கிறது, வாயைக் கட்டுறது, ஷாக் கொடுக்கிற காலர் மாட்டுறது கூடாது. பயத்துல சத்தத்தை அடக்கிக்கிற நாய், ஒரு நாள் சத்தமே இல்லாம கடிச்சு வைக்கும். வாயைக் கட்டினா நாக்கை நீட்டி மூச்சு வாங்கி உடம்பு சூட்டை தணிக்க முடியாது. நம்ம ஊர் வெயிலுக்கு அது உயிருக்கே ஆபத்து.

பாமரேனியனுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். கழுத்துப் பட்டையைப் பிடிச்சு சுண்டாம, நெஞ்சோட சேர்த்து மாட்டுற பெல்ட் போடுங்க.

அமைதியா இருந்த நாய் திடீர்னு ஓயாம குரைச்சா காது வலி மாதிரி ஏதாவது உபாதை இருக்கலாம். வயசான நாய் ராத்திரியில காரணமில்லாம குரைச்சா காது, கண் மங்கியிருக்கலாம். பயிற்சிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சென்னையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. மத்த ஊர்க்காரங்க அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

குரைப்பை காரணம் காட்டி குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்க தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லுது. அதே வழிகாட்டுதல், மத்தவங்களுக்கு தொந்தரவு இல்லாம, முக்கியமா ராத்திரியில சத்தம் வராம பார்த்துக்கணும்னு நாய் வளர்க்கிறவங்களுக்கும் அறிவுரை சொல்லுது.

புதுசா குட்டி வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாதுன்னு 2017-ம் ஆண்டு விதி இருக்கு. வாங்கின குட்டிக்கு மூணு, நாலு மாசத்துக்குள்ளயே குக்கர் விசில், மிக்சி, பைக் சத்தம், வீட்டுக்கு வர்ற ஆட்கள்னு எல்லாத்தையும் மெதுவா பழக்கிடுங்க. அந்த வயசுல பழகினதைப் பார்த்து பின்னாடி பயந்து குரைக்கிறது ரொம்பவே குறையும்.