ஸ்கேனில் தெரியாது: ஆட்டிசமும் ஏடிஎச்டியும் எப்படிக் கண்டறியப்படுகின்றன?

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் வழியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கடலோர மீனவர் ஊர் பட்டினச்சேரி. இரண்டரை வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால் மற்ற ஊர்களில் கிடைக்கும் சமாதானம்தான் இங்கேயும் கிடைக்கும்: "அவங்கப்பனும் லேட்டாத்தான் வாயத் தொறந்தான், விடு." அந்தச் சமாதானத்துக்கு ஆயுசு ஆறு மாதம். அங்கன்வாடி டீச்சர் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறானே, டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்பார். அதன்பிறகு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா?"

எடுக்கலாம். ஆனால் ஆட்டிசம் அதில் தெரியாது, ஏடிஎச்டி எனும் கவனச் சிதறல்–மிகைத் துறுதுறுப்புக் குறைபாடும் தெரியாது. இவை இரண்டையும் உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ எம்.ஆர்.ஐ. படமோ உலகில் எங்குமே இல்லை. வலிப்பு இருந்தால் இ.இ.ஜி. எடுப்பார்கள், முக அமைப்பிலோ வளர்ச்சியிலோ ஐயம் இருந்தால் மரபணுப் பரிசோதனை செய்வார்கள். அவை உடனிருக்கும் வேறு பிரச்சினையைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். மருத்துவர் முடிவுக்கு வருவது பிள்ளையின் நடத்தையை நேரில் பார்த்தும், அவனோடு வாழ்கிறவர்களைத் துருவித் துருவிக் கேட்டும்தான். தாய், தகப்பன், பாட்டி, டீச்சர் என்று ஒவ்வொருவரின் சாட்சியத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்டறிதல் ஒரே நாளில் முடியாததற்கு அதுதான் காரணம்.

முதல் கட்டம்: இருபது கேள்விகள்

ஒன்றேகால் வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் வினாத்தாள் 'எம்-சாட்-ஆர்'. 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கானது. பெற்றோர் 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்ல 20 கேள்விகள். தமிழிலும் இருக்கிறது. இரண்டு புள்ளி வரை கவலை இல்லை. மூன்று முதல் ஏழு வரை என்றால் ஐயத்துக்குரிய கேள்விகளை விரிவாகத் திரும்பக் கேட்பார்கள். எட்டும் அதற்கு மேலும் என்றால் நேராக முழு மதிப்பீடு.

கேள்விகள் எளியவை, பதில்கள் அவ்வளவு எளியவை அல்ல. "ஏதாவது சுவாரசியமானதைப் பார்த்தால் உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுவானா?" என்பது ஒரு கேள்வி. "ஓ, நீட்டுவானே! பிஸ்கட் டப்பாவைக் காட்டுவான்" என்று அம்மா சொல்லக்கூடும். அது வேண்டும் என்பதற்காக நீட்டுவது. இங்கே கேட்கப்படுவது வேறு. கரையேறும் படகைப் பார்த்து விரலை நீட்டி, அம்மாவும் பார்க்கிறாளா என்று திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறானா? தான் பார்த்ததை இன்னொருவரும் பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசைதான் ஆட்டிசத்தில் தாமதமாக வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது. ஊரில் உள்ள படகையும் காக்கையையும் வைத்துக் கேட்கத் தெரிந்த செவிலியருக்குச் சரியான பதில் கிடைத்துவிடும். தாளில் உள்ளதை அப்படியே வாசிப்பவருக்கு 'ஆம்' என்று தவறான பதில் கிடைத்துவிடும்.

இந்த முதல் கட்டம் பொடிமீனுக்குப் போடும் வலை மாதிரி. எல்லாமே சிக்கும், பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அமெரிக்காவில் சுமார் 16,000 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். வினாத்தாள், மறுகேள்வி இரண்டிலும் ஐயம் நீங்காத குழந்தைகளில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினருக்கே ஆட்டிசம் உறுதியானது. ஆனால் சுமார் 95 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைக்குரிய அறிகுறியோ இருந்தது. ஆகவே 'சந்தேகம்' என்று எழுதித் தந்த சீட்டு ஆட்டிசத்துக்கான தீர்ப்பு ஆகாது. அதற்காக அதை மடித்து அலமாரியில் வைத்துவிடவும் கூடாது.

2013இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை சுமார் 30 உடல்நலக் குறைகளைத் தேடுகிறது. அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் நடமாடும் குழு பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஏடிஎச்டி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு.

அறைக்குள் நடப்பது

மதிப்பீட்டு அறையைப் பார்த்தால் விளையாட்டு அறை போலவே இருக்கும். மருத்துவரோ உளவியலரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எத்தனையாவது அழைப்பில் பிள்ளை திரும்புகிறது என்று கவனிப்பார். சோப்புக் குமிழி ஊதுவார். சட்டென்று நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். இன்னொரு முறை ஊதச் சொல்லிப் பிள்ளை அவர் கண்ணைப் பார்க்கிறதா, குமிழிப் புட்டியை மட்டும் பார்க்கிறதா? தின்பண்டத்தை இறுக மூடிய கண்ணாடி டப்பாவில் போட்டுக் கையில் கொடுப்பார். ஒரு பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துச் சிணுங்கும். இன்னொன்று அவர் முகத்தையே பார்க்காமல், கையை மட்டும் பிடித்திழுத்து மூடியின் மேல் வைக்கும். இந்த இரண்டாவதை அவர் குறித்துக்கொள்வார். பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறதா, காரை ஓட்டுகிறதா, இல்லை கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதும் குறிப்பில் ஏறும்.

இந்தக் குறிப்புகளை அளந்து பார்க்கும் சட்டகம் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, 2013இல் வந்தது. அதன்படி ஆட்டிசம் என்று சொல்வதற்கு, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் மூன்று வகைச் சிரமங்களும் இருக்க வேண்டும். கூடவே திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, ஒன்றிலேயே ஒட்டிய ஆர்வம், ஒலி-ஒளி-தொடுதலில் மிகையான அல்லது மந்தமான உணர்வு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

ஒரே ஒரு நிகழ்வை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் பட்டினச்சேரிக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று கொண்டாடி வரவேற்பார்கள். அந்தக் கூட்டத்திலும் மேளத்திலும் காதைப் பொத்திக்கொண்டு அழுத குழந்தைக்கு ஆட்டிசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டில் மிக்சி ஓடும் ஒவ்வொரு தடவையும், பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் விசிலடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதே அலறல் என்றால் அது கணக்கில் வரும்.

வேலூரில் மாறிய எண்

உலக அளவில் பேசப்படும் 'கார்ஸ்' என்ற அளவுகோலில் 15 தலைப்புகள். மொத்தம் 15 முதல் 60 வரை மதிப்பெண். அமெரிக்காவில் உருவான அந்த அளவுகோலின்படி 30ஐத் தொட்டால் ஆட்டிசம். வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை மனநலப் பிரிவில் பால் ரஸ்ஸலும் சகாக்களும் இதை இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இங்கே 33 என்ற எல்லையே பொருத்தமானது என்பது அவர்கள் பரிந்துரை. கருவி அதேதான், குழந்தைகளும் சூழலும் வேறு. எல்லைக்கோடு மூன்று புள்ளி நகர்ந்தது. எனவே வெளியூர் அறிக்கையில் '31' என்று ஒரு எண்ணைப் பார்த்ததும் பெற்றோர் பதற வேண்டாம். எண்ணுக்குப் பின்னால் உள்ள விவரிப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு வேறொரு கருவி. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய 'ஐசா' அளவுகோலில் ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70–106 லேசானது, 107–153 மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமலேயே இருக்கலாம். 'பெரா' என்ற பரிசோதனையில் பிள்ளையைத் தூங்க வைத்து, ஒலிக்கு மூளை நரம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள். அறிவு வளர்ச்சித் தாமதம், பேச்சு மட்டும் தாமதமாவது, தைராய்டு குறைவு, பார்வைக் குறைபாடு ஆகியவற்றையும் விலக்கிய பிறகே அடுத்த படி.

துறுதுறுப்பும் ஏடிஎச்டியும்

ஏடிஎச்டி பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் வெளிப்படும். மணலில் ஓடி, படகில் ஏறி, கடலில் குதிக்கிற பையனை ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. ஒன்றாம் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார வைத்த பிறகுதான் டீச்சரின் டைரியில் புகார் வரத் தொடங்குகிறது.

டிஎஸ்எம்-5 கணக்கு இது: கவனச் சிதறல் அறிகுறிகள் ஒன்பது, மிகைத் துறுதுறுப்பும் யோசிக்காமல் செய்வதும் சேர்ந்து ஒன்பது. ஏதாவது ஒரு பட்டியலில் ஆறு அறிகுறிகளாவது, குறைந்தது ஆறு மாதமாக, வயதுக்கு மீறிய அளவில் இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். முக்கியமாக, இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் அடங்காதவன், வீட்டிலும் டியூஷனிலும் சரியாக இருக்கிறான் என்றால் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்: எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் தவிக்கிறானா? யாராவது அடிக்கிறார்களா?

6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 'வாண்டர்பில்ட்' படிவம் பரவலாகப் பயன்படுகிறது. பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43. இரண்டு படிவமும் பொருந்தாமல் போவது சாதாரணம். மருத்துவர் விசாரிக்கத் தொடங்கும் இடமே அதுதான். தூக்கக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, நொடிப்பொழுது நினைவு தப்பும் வலிப்பு வகை, வீட்டுச் சண்டை, பதற்றம் எல்லாமே கவனத்தைக் கலைக்கும்.

"மொபைல்ல மூணு மணி நேரம் அசையாம கேம் ஆடுறான், இவனுக்கா கவனம் இல்ல?" என்று அப்பாக்கள் கேட்பதுண்டு. நொடிக்கு நொடி பரிசு தரும் விளையாட்டில் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும். சலிப்பூட்டும் வேலையில் தானே முயன்று கவனத்தைப் பிடித்து வைப்பதில்தான் ஏடிஎச்டி பிள்ளைக்குச் சிக்கல்.

கோயம்புத்தூரில் 6–11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 770 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், 11.32 விழுக்காட்டினரிடம் ஏடிஎச்டி காணப்பட்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நாலைந்து பேர் என்ற கணக்கு. சத்தம் போடும் பையன்கள் சீக்கிரம் கவனிக்கப்படுகிறார்கள். ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண்பிள்ளை 'மந்தம்' என்ற பெயரோடு மேல்வகுப்புக்குப் போய்விடுகிறாள். ஆட்டிசத்திலும் பெண்பிள்ளைகள் தாமதமாகவே கண்டறியப்படுகிறார்கள். பெரியவர்களுக்கும் ஏடிஎச்டி கண்டறியலாம். 17 வயது முதல் ஐந்து அறிகுறிகள் போதும். ஆனால் சிறுவயதுச் சான்று வேண்டும் என்பதால், பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்புக்குக்கூட மதிப்பு உண்டு.

2013 வரை ஒரே பிள்ளைக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டையும் சேர்த்து எழுதக் கையேடு இடம் தரவில்லை. டிஎஸ்எம்-5 அந்தத் தடையை நீக்கியது. எனவே பழைய அறிக்கையில் ஒன்று மட்டும் இருந்தால், மறு மதிப்பீட்டில் மற்றதும் சேரக்கூடும்.

சான்றிதழும் அதன் ஓட்டையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி இல்லை. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற ஆட்டிசப் பிள்ளைக்கு இட ஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகள் கிடைக்கும். சிபிஎஸ்இ தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு; புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியிருப்பதால் இது இங்கே நேரடியாகப் பொருந்தும். ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது. அவனுக்குக் கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது அதனால் அவசியமாகிறது. இரண்டும் சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பதுதான்.

நாகூரும் நாகப்பட்டினமும் பக்கத்திலேயே இருந்தாலும் அவை தமிழ்நாடு, பட்டினச்சேரி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். சான்றிதழுக்குக் காரைக்கால் மாவட்டத்தில் விண்ணப்பிப்பதுதான் நேர்வழி. ஒருமுறை வாங்கிவிட்டால் அது நாடு முழுக்கச் செல்லும். சட்டத்தின் 58ஆம் பிரிவு அதைச் சொல்கிறது.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

காரைக்கால் அரசு பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு முதல் படி. முழு மதிப்பீட்டுக்குப் புதுச்சேரி ஜிப்மரின் மனநலத் துறையில் குழந்தைகளுக்கான கிளினிக் இருக்கிறது. 130 கிலோமீட்டர் பயணம் என்பதால் நடைகள் குறையும்படி தயாராகப் போவது நல்லது. கடலுக்குப் போகும் தகப்பனின் சாட்சியமும் தேவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள்; அம்மாவும் அப்பாவும் சேர்ந்து போக அது தோதான காலம். ஆசிரியர் படிவத்தை மட்டும் கோடை விடுமுறைக்கு முன்பே, பிள்ளையைச் சில மாதமாவது பார்த்த டீச்சரிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி அட்டை, பிரசவ மருத்துவமனைச் சீட்டு, நடந்தது பேசியது எந்த மாதம் என்ற குறிப்பு, பள்ளி நோட்டு, வீட்டில் பிள்ளை விளையாடும்போது எடுத்த இரண்டு மூன்று வீடியோ ஆகியவை கையில் இருக்கட்டும். புது இடத்தில் மிரண்டு போகும் பிள்ளை மருத்துவர் முன் காட்டாததை அந்த வீடியோ காட்டிவிடும். இன்னொரு எச்சரிக்கை: 'ஸ்டெம் செல் போட்டால் ஆட்டிசம் குணமாகும்' என்று யாராவது லட்சங்களில் பேசினால் எழுந்து வந்துவிடலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

மதிப்பீட்டுக்கான தேதி தள்ளிப்போனால், அந்த இடைவெளியில் பேச்சுப் பயிற்சியையும் ஆக்குபேஷனல் தெரபியையும் தொடங்கிவிடலாம். அவற்றுக்கு முடிவான அறிக்கையோ சான்றிதழோ தேவையில்லை; தாமதம் இருக்கிறது என்ற மருத்துவரின் சீட்டே போதும்.