கிராபீனில் மின் இரைச்சல்

கிராபீனில் மின் இரைச்சல் என்பது கிராபீன் தாளின் மின்னோட்டத்திலும் மின்னழுத்தத்திலும் தோன்றும் ஒழுங்கற்ற சிறு ஏற்ற இறக்கங்களைக் குறிக்கும். ஒலிபெருக்கியில் இவ்வகை ஏற்ற இறக்கங்கள் சீறல் ஒலியாகக் கேட்பதால் 'இரைச்சல்' எனப்படுகிறது. இது உணரிகளின் நுட்பத்திற்கு எல்லை வகுக்கிறது. அதே வேளையில் பொருளின் உள்ளியல்பை அறியவும் உதவுகிறது.

எதிர்மின்னிகளின் நகர்வு

கிராபீன் என்பது கரிம அணுக்கள் தேன்கூடு போன்ற வலையாக அமைந்த, ஓர் அணு தடிமனே உள்ள தாள் ஆகும். 2004 ஆம் ஆண்டு மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்சுடன்டீன் நோவசெலோவ் ஆகியோர் இதனைப் பிரித்தெடுத்தனர்; 2010 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இதில் எதிர்மின்னிகள் நொடிக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் வேகத்தில் இயங்குகின்றன. இது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 300 இல் ஒரு பங்காகும். எனினும், எல்லா அணுக்களும் மேற்பரப்பிலேயே இருப்பதால், வெளியிலுள்ள மின்னூட்டங்கள் எதிர்மின்னிகளின் பாதையை எளிதில் குலைக்கின்றன.

இரைச்சலின் வகைகள்

* வெப்ப இரைச்சல்: எதிர்மின்னிகளின் வெப்ப அசைவால் உண்டாவது. மின்னோட்டம் செலுத்தப்படாதபோதும் இது இருக்கும். வெப்பநிலை உயர்ந்தால் இதுவும் மிகும் என்பதால் இதனை வெப்பமானியாகவும் பயன்படுத்தலாம்.
* தாழ் அதிர்வெண் இரைச்சல்: அதிர்வெண் இருமடங்கானால் இதன் திறன் ஏறத்தாழப் பாதியாகும். கிராபீன் பொதுவாகச் சிலிக்கான் டையாக்சைடின் மீது வைக்கப்படுகிறது. அதிலுள்ள குறைபாடுகள் மின்னூட்டத்தைப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணம்.

இந்தியாவில் ஆய்வு

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அதீந்திர நாத் பால், அரிந்தம் கோசு ஆகியோர் 2009 இல் ஈரடுக்குக் கிராபீனின் தாழ் அதிர்வெண் இரைச்சலை ஆராய்ந்து வெளியிட்டனர். ஈரடுக்குக் கிராபீனுக்குச் செங்குத்தாக மின்புலம் செலுத்தினால் அதன் ஆற்றல் பட்டைகளுக்கு இடையே இடைவெளி உண்டாகும். இவ்விடைவெளி சுழியாக இருக்கும்போது இரைச்சல் மிகக் குறைவாக இருப்பதை அவர்கள் கண்டனர். இதனால் இரைச்சலை அளந்தே பட்டை அமைப்பை அறிய வழி பிறந்தது. கோசு 2012 இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 2020 இல் இன்ஃபோசிசு பரிசும் பெற்றார்.

முக்கியத்துவம்

2007 இல் மான்செசுட்டர் குழுவினர் கிராபீன் மீது தனியொரு வளிம மூலக்கூறு ஒட்டுவதையும் விலகுவதையும் மின்தடை மாற்றத்தால் கண்டறிந்தனர். அத்தகைய மாற்றம் இரைச்சலைவிடப் பெரிதாக இருந்தால்தான் அதனைப் பிரித்தறிய இயலும். ஆகவே, கிராபீன் உணரிகளை மேம்படுத்த இரைச்சலைக் குறைப்பது இன்றியமையாதது. சிலிக்கான் டையாக்சைடுக்குப் பதிலாக, மின்னூட்டப் பொறிகள் குறைந்த போரான் நைட்ரைடு படிகத்தின் மீது கிராபீனை வைப்பது இதற்கான வழிகளுள் ஒன்று.