பாட்டா, மூச்சிரைப்பா?

சுவர்மேல் அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும் பறவையைப் படம் எடுத்தால், ‘பாடுகிறது’ என்று கீழே எழுதத்தான் கை போகும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில், ஒரு வீட்டுக் கொல்லையில், ஜூன் மாதம் பகல் 12 மணிக்கு எடுத்த படமென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கண்ணும் வளைந்த அலகும் கொண்ட அந்தத் திராஷர் என்ற பறவை பாடவில்லை, மூச்சிரைக்கிறது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெளிச்சூடு உடல் சூட்டைத் தாண்டிவிட்டால், நீரை ஆவியாக்குவது ஒன்றே உடம்பைக் குளிர்விக்கும் வழி. புறாக்கள் பெரும்பாலும் தோல் வழியாகவே அதைச் சாதித்துவிடுகின்றன. பாடும் பறவைகளோ மூச்சிரைத்தாக வேண்டும். மூச்சிரைக்கத் தசை உழைக்க வேண்டும். உழைக்கும் தசை மேலும் சூடேற்றும். பொல்லாத கணக்கு! உடல் சிறுத்தால் கணக்கு இன்னும் மோசம். அமெரிக்கத் தென்மேற்குப் பாலையின் 5 பாடும் பறவை இனங்களை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது: லெஸ்ஸர் கோல்ட்ஃபிஞ்ச் போன்ற பொடிப் பறவை, தன் எடைக்கு ஒப்பிட்டால், திராஷரைவிட வேகமாக நீரை இழக்கிறது.

அதனால் டூசானைச் சுற்றியுள்ள சோனோரன் பாலைவனத்துத் தோட்டத்தில் படமெடுக்க நினைப்பவர் முதலில் வைப்பது தண்ணீர்த் தட்டு. இரண்டு விரற்கடை ஆழம் போதும். கால் வழுக்காமலிருக்க நடுவில் ஒரு சொரசொரப்பான கல். மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் அந்தச் சத்தத்துக்கே ஃபிஞ்சுகள் வந்துவிடும். தட்டைத் தேய்த்துக் கழுவாவிட்டால் நோயும் வரும்.

ஆனால் அரிசோனாவின் மாநிலப் பறவை தட்டுப்பக்கம் அபூர்வமாகவே வரும். 1931 முதல் அந்தப் பட்டத்தை வைத்திருக்கும் காக்டஸ் ரென், தனக்கு வேண்டிய ஈரத்தைப் பூச்சிகளிலிருந்தும் கள்ளிப்பழங்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதன் குரலை இனிமை என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய காரின் கரகரப்பு. கட்டடக் கலையில்தான் அதன் கெட்டிக்காரத்தனம். ‘சோய்யா’ என்ற கள்ளியின் (சமையலறைச் சோயாவுக்கும் இதற்கும் உறவில்லை) முட்களுக்கு நடுவே, பக்கவாட்டில் வாசல் வைத்து, ரக்பி பந்துபோல் புல் கூடு கட்டும். பருவத் தொடக்கத்தில் கட்டும் கூட்டின் வாசல் குளிர்காற்றுக்கு முதுகு காட்டும். வெயில் ஏறியபின் கட்டுவதில் வாசல் காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடும். 1960-களிலேயே ஆய்வாளர்கள் திசைகாட்டி வைத்து அளந்து பார்த்த விஷயம் இது.

மஞ்சள் தலை வெர்டின் 7 கிராமைத் தாண்டினால் அதிகம். அதுவும் முள் சுள்ளிகளால் உருண்டைக் கூடு கட்டும். குளிர்கால இரவுகளில் தூங்கவென்றே தனிக் கூடு போட்டுக்கொள்வதும் உண்டு.

புல்லுருவி படர்ந்த மரம் கொல்லையில் இருந்தால் ஃபைனோபெப்லாவும் வரும். ஆணுக்குப் பட்டுக் கறுப்பு உடல், சிவப்புக் கண், தலையில் கொண்டை. ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேல் புல்லுருவிப் பழங்களைத் தின்னக்கூடியது. விதைகளை எச்சத்தோடு கிளைகளில் ஒட்டிவிட்டுப் போகும். நம் ஊரில் பூக்கொத்திகள் செய்யும் அதே வேலை. படமெடுப்பவருக்கோ இதன் கறுப்பு தலைவலி. கேமரா சொல்லும் வெளிச்ச அளவை நம்பி எடுத்தால், பளீர் வானத்தின் முன்னால் கரித்துண்டுபோல் விழும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டினால்தான் இறகின் மினுமினுப்புத் தெரியும்.

இன்னொரு ஏமாற்றம் கானல். தரை சூடேறியதும் காற்று நெளியத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இறகு மங்கிப்போகும். பலர் கேமராவைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள்! விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், பறவையின் கண் மட்டத்தில், நிழலில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் மருந்து.

படம் எடுத்தது எந்த நாள், எந்த இடம் என்று குறித்து வைப்பதும் வீணல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னலும் அவரது குழுவினரும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொஹாவி பாலைவனத்தில் எழுதிய குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு, பிற்கால ஆய்வாளர்கள் 61 இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். 2018-இல் முடிவு வெளியானது: ஓர் இடத்தில் சராசரியாக 43 சதவீத இனங்களைக் காணவில்லை. முக்கியக் காரணம் குறைந்துபோன மழை. உடம்பைக் குளிர்விக்கும் நீர்த்தேவை எந்த இனங்களுக்கு அதிகம் கூடியதோ அவைதான் அதிகம் சரிந்தன என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வு சொன்னது.

டூசான் கொல்லையில் மணி 9. ஃபிஞ்சுகள் தட்டிலிருந்து நிழலுக்குப் போய்விட்டன. சுவர்மேல் திராஷர் இரண்டு முறை சீட்டியடித்தது. பிறகு சத்தமில்லை; அலகு மட்டும் திறந்தே இருக்கிறது.